இடப்பக்கம்தானே குத்தினான்?

ஆங்கில இலக்கியம் படித்தவள் என்று சொல்லிக்கொள்வது என் வழக்கம். உண்மையில் நான் படித்தது கைடு. எங்கள் கல்லூரி வாசலுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் ஒவ்வொரு நாவலுக்கும் நாற்பது பக்கத்தில் நோட்ஸ் கிடைக்கும். கதைச் சுருக்கம், பாத்திரப் படைப்பு, வரக்கூடிய பத்துக் கேள்விகள், அவ்வளவுதான். தாமஸ் ஹார்டியின் ‘ஃபார் ஃப்ரம் த மேடிங் க்ரௌட்’ எங்களுக்கு இரண்டாம் ஆண்டில் பாடம். ‘ஹார்டியின் நாவலில் இயற்கை’ என்ற கேள்விக்கு ஆறு பக்கம் எழுதினேன். பனி, குன்று, நட்சத்திரம், விதி எல்லாவற்றையும் கலந்துகட்டி அடித்தேன். நாவலில் ஒரு வரிகூடப் படித்திருக்கவில்லை. நல்ல மதிப்பெண் வந்தது. வராமல் போயிருந்தால் அப்போதே படித்திருப்பேனோ என்னவோ.

பிரச்சினை என்னவென்றால், அந்த ஆறு பக்கம்தான் பிற்பாடு என் அபிப்பிராயமாகவே ஆகிப்போனது. ஆடு மேய்க்கிறவர்களைப் பற்றி 19-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட நாவல் என்றால் அதில் ஒரு மலைச்சரிவைப் பத்துப் பக்கம் வர்ணித்திருப்பார்கள், அப்புறம் ஒருவன் புல்லாங்குழல் ஊதுவான், ஒருத்தி வெட்கப்படுவாள், சாவகாசம் இருக்கிறவர்களுக்கான சமாசாரம் என்று இருபத்தைந்து வருடங்களாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். யாராவது ஹார்டி பிடிக்கும் என்றால் ஒரு மாதிரி சிரிப்பேன். படிக்காத புத்தகத்தின் மேல் வருகிற வெறுப்புக்கு ஒரு சௌகரியம் உண்டு. அதை மாற்றிக்கொள்ள வேண்டிய நெருக்கடியே வராது.

போன வருடம் அப்பாவுக்குக் கண்புரை அறுவை நடந்தது. டாக்டர் சொன்னதைவிட இரண்டு மடங்கு பத்தியம் இருக்கிற மனிதர் அவர். சில நாள் கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள் என்று சொன்னால் மூன்று வாரத்துக்கு டிவி கிடையாது, பேப்பர் கிடையாது, ஜன்னலைக்கூடத் திறக்கக் கூடாது. நான் பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தருமபுரிப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போனேன். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் அந்த இருட்டு அறையில் செய்வதற்கு ஒன்றுமே இருக்காது. பரணில் என் கல்லூரிப் பெட்டி இருந்தது. அதில் முதுகு மடங்காத, பக்கம் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு ஹார்டி. செல்போன் சிக்னலும் அங்கே சுமார்தான். வேறு வழியில்லாமல்தான் எடுத்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

காப்பீடு செய்யாத ஆடுகள்

முதல் நாற்பது பக்கம் நான் எதிர்பார்த்த மாதிரியே போனது. கேப்ரியல் ஓக் என்று ஒரு ஆட்டுக்காரன், வயது 28. அவன் பாக்கெட் கடியாரத்தில் மணி முள் அடிக்கடி நழுவிவிடும், நிமிட முள் மட்டும் சரியாக ஓடும். அதனால் எத்தனை நிமிடம் என்று தெரியும், எந்த மணிக்கு என்று தெரியாது. நட்சத்திரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வான், அல்லது அக்கம்பக்கத்து வீட்டு ஜன்னலில் முகத்தை ஒட்டி உள்ளே இருக்கும் கடியாரத்தைப் பார்ப்பான். லேசாகச் சிரிப்பு வந்தது. பாத்ஷீபா என்ற பெண்ணிடம் கல்யாணம் செய்துகொள்கிறாயா என்று கேட்கிறான், அவள் மாட்டேன் என்கிறாள். சரி, போகட்டும் என்று புரட்டிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் அத்தியாயத்தில் ஓக்கின் இளம் நாய், ஆடுகளை ஓட்டுவதுதான் தன் வேலை என்பதை அளவுக்கு மீறிப் புரிந்துகொண்டு, இரவில் மந்தையின் பெரும்பகுதியைத் துரத்திக்கொண்டே போய்ச் சுண்ணாம்புப் பள்ளத்தின் விளிம்புக்குக் கொண்டுபோய்விடுகிறது. இருநூறு தாய் ஆடுகள் கீழே விழுந்து சாகின்றன. விடிகிற வெளிச்சத்தில் அந்த நாய் விளிம்பில் நிற்கிறது. அந்த இடத்தில் ஹார்டி ஒரே ஒரு சின்ன வாக்கியம் வைக்கிறார்: ஆடுகள் காப்பீடு செய்யப்பட்டிருக்கவில்லை.

நான் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் உரிமைக்கோரல் பிரிவில் இருக்கிறேன். என் மேஜைக்கு வருகிற கோப்புகளில் பாதி எரிந்தது, முங்கினது, செத்தது. அந்த வாக்கியத்தைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கண்ணீர் வடிக்க வேண்டிய இடத்தில் ஒரு எழுத்தாளன் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டுகிறான். அடுத்து ஓக் என்ன நினைக்கிறான் தெரியுமா? நல்லவேளை, எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஆகியிருந்தால் இந்த ஏழ்மையில் அவள் என்ன செய்வாள் என்று. அவனை வேண்டாம் என்று சொன்னவளைப் பற்றித்தான் அந்த நினைப்பு. அந்த நாயை அன்று மத்தியானமே சுட்டுவிடுகிறார்கள். ஒரு தர்க்கத்தை அதன் முடிவு வரை கொண்டுபோகிற நாய்களுக்கும் தத்துவவாதிகளுக்கும் உலகத்தில் இதுதான் கதி என்கிற மாதிரி ஹார்டி ஒரு குத்து குத்திவிட்டுப் போகிறார். இந்த ஆள் இப்படியெல்லாம் பேசுவார் என்று கைடில் போடவே இல்லையே.

“என்னம்மா, புத்தகத்தைப் பார்த்துச் சிரிக்கிறே?” என்றார் அப்பா.

அப்பா முப்பத்தோரு வருடம் கால்நடை ஆய்வாளராக இருந்தவர். சைக்கிளிலும் பிறகு மொபெட்டிலும் ஊர் ஊராகப் போய் ஊசி போட்டவர். காதல் கதை கேட்கிற ஆள் இல்லை. ஆட்டுக் கதையைச் சொன்னேன். நாயின் வயது என்ன என்று கேட்டார். குட்டி என்றுதான் போட்டிருக்கிறது, பழைய நாயின் மகன் என்றேன். “எளசு நாயை ராத்திரியில அவுத்து விட்டது யார் தப்பு? நாய் தப்பா?” என்றார். அதற்கப்புறம் தினமும் மூன்று மணிக்கு, “அந்த ஆட்டுக்காரன் என்ன ஆனான்?” என்று அவராகவே கேட்க ஆரம்பித்தார். ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொல்ல வேண்டும் என்பதால் நான் ஒரு பக்கத்தைக்கூடத் தாண்ட முடியவில்லை. அவர் எங்கே கேள்வி கேட்பார் என்று சொல்லவும் முடியாது.

ஓக் எல்லாவற்றையும் விற்றுக் கடனை அடைத்துவிட்டு வேலை தேடி காஸ்டர்பிரிட்ஜ் சந்தைக்குப் போகிறான். அங்கே வருடத்துக்கொரு முறை வேலைக்கு ஆள் எடுப்பார்கள். இருநூறு முந்நூறு பேர் வரிசையில் நிற்பார்கள். வண்டிக்காரன் தொப்பியில் சாட்டைக் கயிற்றைச் சுற்றியிருப்பான், கூரை வேய்கிறவன் வைக்கோலைச் செருகியிருப்பான், ஆட்டுக்காரன் கையில் கோல் இருக்கும். எங்கள் ஊர் நாலு ரோட்டில் விடிகாலையில் கரண்டியும் மட்டப்பலகையும் வைத்துக்கொண்டு நிற்கிறவர்களை நினைத்துக்கொண்டேன். ஓக் பண்ணை மேலாளர் வேலைக்கு நிற்கிறான், யாரும் எடுக்கவில்லை. ஒரு கொல்லனிடம் போய்க் கோல் செய்துகொண்டு, நல்ல மேலங்கியைக் கொடுத்துவிட்டு ஆட்டுக்காரன் அங்கியை மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறான். இப்போது வருகிறவர்கள் எல்லாரும் மேலாளர்தான் வேண்டும் என்கிறார்கள். அப்பா இதற்கு வாய்விட்டுச் சிரித்தார். கண்ணை அழுத்திச் சிரிக்கக் கூடாது என்று சமையல் கட்டிலிருந்து அம்மா சத்தம் போட்டாள்.

ஐம்பத்தேழு

கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பாத்ஷீபாவுக்கு அப்பாவின் சகோதரர் வழியில் ஒரு பண்ணை வந்து சேர்கிறது. வைக்கோல் போர் தீப்பிடிக்கிற இரவில் அந்த வழியாகப் போன ஓக் தீயை அணைத்துவிட்டு, முக்காட்டுத் துணியோடு நிற்கிற முதலாளியம்மாவிடம் ஆட்டுக்காரன் வேண்டுமா என்று கேட்கிறான். முக்காட்டை விலக்கினால் அவள். இந்த மாதிரி தற்செயலெல்லாம் வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் வளர்ந்த நமக்குப் பெரிய விஷயமில்லை. இதுவும் தொடர்கதைதான். 1874 ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை ‘கார்ன்ஹில்’ பத்திரிகையில் பெயர் போடாமல் மாதம் ஒரு பகுதியாக வந்தது. எழுதியது அப்போது பிரபலமாக இருந்த நாவலாசிரியை ஜார்ஜ் எலியட்டாக இருக்கலாம் என்றுகூட ஒருவர் ஊகித்தார்.

நான் சொல்ல வந்த இடம் இருபத்தோராம் அத்தியாயம். அதற்கு முந்தின அத்தியாயத்தில் பாத்ஷீபா ஓக்கை வேலையைவிட்டுத் துரத்தியிருக்கிறாள். பக்கத்துப் பண்ணைக்காரர் போல்ட்வுட், நாற்பது வயது தாண்டிய, யாரையும் ஏறெடுத்துப் பார்க்காத மனிதர். அவருக்கு இவள் விளையாட்டாக ‘என்னைக் கல்யாணம் செய்துகொள்’ என்று முத்திரை குத்திய ஒரு வாழ்த்து மடலை அனுப்பிவிட்டாள். அவர் அதை நிஜமாக எடுத்துக்கொண்டு உருகுகிறார். நீ செய்தது சரியில்லை என்று ஓக் முகத்துக்கு நேரே சொன்னதால் அவனுக்கு வேலை போயிற்று. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஆடுகள் வேலியை உடைத்துக்கொண்டு இளம் குளோவர் வயலில் புகுந்துவிடுகின்றன. வயிறு உப்பிச் சாயத் தொடங்குகின்றன. அதைக் குத்திக் காற்றை எடுக்கத் தெரிந்த ஒரே ஆள் ஓக். ஆள் அனுப்புகிறாள், மரியாதையாகக் கேட்டால்தான் வருவேன் என்று சொல்லி அனுப்புகிறான். ஒரு ஆடு துள்ளி விழுந்து சாகிறது. என்னைக் கைவிட்டுவிடாதே, கேப்ரியல் என்று எழுதி அனுப்புகிறாள். வருகிறான்.

இங்கே நான் கதையை நாடகமாக்கிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கர்வம் உடைகிறது, அவன் கண்ணில் கோபமும் அன்பும் என்று. அப்பா பொறுமையில்லாமல் கையை அசைத்தார்.

“அது இருக்கட்டும். எந்தப் பக்கம் குத்தினான்?”

“குத்தினான்னு போட்டிருக்குப்பா.”

“எந்தப் பக்கம்னு போட்டிருக்கா? இடப்பக்கம்தானே குத்தினான்?”

எனக்குத் தெரியவில்லை. அந்தப் பத்தியை நான் கண்ணால் தடவிவிட்டு வந்திருந்தேன். எவன் ஆட்டின் எந்த விலாவில் குத்தினால் என்ன, எனக்கு வேண்டியது அவள் முகம். திரும்பிப் போய்த் தேடினேன். இருந்தது. ஆட்டின் இடது விலாவில் கையை ஓட்டி, சரியான இடத்தைத் தேர்ந்து, குழாய்க்குள் இருக்கும் ஊசியால் தோலையும் இரைப்பையையும் சேர்த்துத் துளைத்து, பிறகு ஊசியைச் சட்டென்று உருவிக்கொண்டு குழாயை அப்படியே விட்டுவிடுகிறான். மெழுகுவர்த்தியை அணைக்கிற அளவுக்குக் காற்று பீறிட்டு வெளியேறுகிறது.

“ட்ரோகார்,” என்றார் அப்பா. இருட்டில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் கையை நீட்டி, தொடைமேல் இருந்த தலையணையில் இடது விலாவின் பள்ளத்தைக் காட்டினார். இடுப்பெலும்புக்கும் கடைசி விலாவெலும்புக்கும் நடுவே. பெருவயிறு அந்தப் பக்கம்தான். வலப்பக்கம் குத்தினால் குடலில் போய் நிற்கும். “எழுதின ஆளுக்குத் தெரிஞ்சிருக்கு,” என்றார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு.

அப்புறம் கணக்கைக் கேட்டார். ஹார்டி அதையும் கொடுத்திருந்தார். மொத்தம் பாதிக்கப்பட்டவை 57. அறுவை செய்து பிழைத்தவை 49. அவசரத்தில் குறி தப்பியதால் செத்தது 1. அறுவைக்கு முன்பே செத்தவை 4. எதுவும் செய்யாமலே தேறியவை 3. கூட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது. என் பிரிவில் வருகிற விண்ணப்பங்களில்கூட இவ்வளவு சுத்தமாகக் கூட்டல் வராது. (நாவலிலும் 57 அத்தியாயங்கள்தான் என்பதைப் பிறகு கவனித்தேன். தற்செயல்தான்.)

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நாப்பத்தொம்போது கொஞ்சம் அதிகம்,” என்றார். குளோவர் பயறு வகைச் செடி. இளம் பச்சையாக அதைத் தின்றால் வயிற்றில் வெறும் காற்றாகச் சேராது, நுரையாகக் கட்டும். நுரை கட்டினால் குத்தினாலும் சீக்கிரம் இறங்காது, எண்ணெய் புகட்ட வேண்டும். ஒரு கோடை மழைக்கு அப்புறம் ஒரே தெருவில் ஏழு மாடு உப்பிக் கிடந்ததையும், கடையில் இருந்த கடலை எண்ணெய் மொத்தத்தையும் வாங்கிப் புகட்டியதையும் சொன்னார். அவற்றில் இரண்டு பிழைக்கவில்லை. அதில் ஒன்றின் சொந்தக்காரி இன்றைக்கும் அவரிடம் பேசுவதில்லையாம். இத்தனை வருடத்தில் அந்தக் கதையை நான் கேட்டதே இல்லை.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. ‘ஹார்டியின் நாவலில் இயற்கை’ என்று ஆறு பக்கம் எழுதினேனே, அந்தக் கேள்வியே தப்பு என்று தோன்றியது. அந்தப் புத்தகத்தில் யாரும் சும்மா நின்று இயற்கையைப் பார்ப்பதில்லை. ஓக் நட்சத்திரத்தைப் பார்ப்பது மணி தெரிந்துகொள்ள. குன்றில் நிற்பது ஆடு ஈனுகிற பருவம் என்பதால். மயிர் வெட்டும் களம் வருகிற அத்தியாயத்தில் நானூறு வருடப் பழைய களஞ்சியம் ஒன்றை ஹார்டி வர்ணிக்கிறார். எனக்குப் பிடிக்காது என்று நினைத்திருந்த அதே ரக வர்ணனை. ஆனால் அவர் அங்கே சொல்வது, அதே காலத்துத் தேவாலயமும் கோட்டையும் தேய்ந்தோ அர்த்தம் மாறியோ போயின, இந்தக் களஞ்சியம் மட்டும் எதற்காகக் கட்டினார்களோ அதே வேலையை இன்னும் செய்துகொண்டிருக்கிறது என்பது. உடனே கத்திரி வேலை தொடங்குகிறது. ஓக் ஒரு ஆட்டை வெட்டி முடிக்க இருபத்து மூன்றரை நிமிடம். பாத்ஷீபா கடியாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அரை மணிக்குக் குறைவாக யாரும் வெட்டி அவள் பார்த்ததில்லை. அந்தப் பாராட்டைவிடப் பெரிய காதல் வசனம் அந்த அத்தியாயத்தில் இல்லை.

ஹார்டி 1840-இல் டார்செட்டில் ஒரு கொத்தனார் குடும்பத்தில் பிறந்தவர். கட்டடக்கலை பயின்றவர். இந்த நாவலைப் பெரும்பாலும் ஹையர் பாக்ஹாம்ப்டனில் தாய்வீட்டில் இருந்து எழுதினார். நாவலில் வருகிற ஊருக்கு மூலமான படில்டவுன் அங்கிருந்து நடந்துபோகிற தூரம். வெளியே நடக்கும்போது காகிதம் இல்லாமல் போனால் பெரிய சருகு, விறகு வெட்டினபோது விழுந்த மரச்செதில், கல் என்று கையில் கிடைத்ததில் எழுதிக்கொள்வாராம். இதைப் படித்தபோது அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் இருந்த பஸ் டிக்கெட்டுகளின் ஞாபகம் வந்தது. அவற்றின் பின்பக்கத்தில் மாட்டுக்கு எத்தனை மில்லி என்று குறித்திருக்கும்.

நாவல் வெளிவந்த உடனே அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி ஜேம்ஸ் கடுமையாக ஒரு விமரிசனம் எழுதினார். மனிதர்கள் சம்பந்தப்பட்டது எல்லாம் செயற்கை, நாங்கள் நம்புவது ஆடுகளையும் நாய்களையும் மட்டும்தான் என்று. கிண்டலாகத்தான் சொன்னார். நான் அதை அப்பாவிடம் சொன்னேன். “யார் அந்த ஆள்? சரியாத்தானே சொல்லியிருக்கார்,” என்றார்.

மின்னல் வெளிச்சத்தில்

எனக்கு உறுத்தலே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஓக்கைப் பல இடங்களில் என்னால் தாங்க முடியவில்லை. வேவு பார்க்கிறவன் மாதிரி எப்போதும் ஒரு ஓரத்தில் நிற்கிறான், எப்போதும் அவன் சொன்னதே சரியாகிறது. பாத்ஷீபா முதல் நாளே வேலையாட்களைக் கூப்பிட்டு, நீங்கள் விழிக்கும்முன் நான் எழுந்திருப்பேன், நீங்கள் எழும்முன் வயலில் இருப்பேன் என்று சொல்கிறவள். திருடின மேலாளரை விரட்டிவிட்டுத் தானே நிர்வாகம் பார்க்கிறாள். தானியச் சந்தையில் அத்தனை ஆண்களுக்கு நடுவே ஒற்றைப் பெண்ணாக நின்று விலை பேசுகிறாள். பெண் தன் மனதில் இருப்பதைச் சொல்வது கஷ்டம், ஏனென்றால் மொழியை ஆண்கள் தங்கள் மனதைச் சொல்லத்தான் செய்து வைத்திருக்கிறார்கள் என்று ஓரிடத்தில் போல்ட்வுட்டிடம் சொல்கிறாள். இந்த வரிக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டேன், கல்லூரிப் புத்தகத்தில் முதன்முதலாக. அப்படிப்பட்டவளை ஹார்டி ஒரு வாழ்த்து மடலுக்காக முந்நூறு பக்கம் தண்டிக்கிறார்.

கூலிக்காரர்கள் விஷயமும் அப்படித்தான். பீருக்குப் பார்லியை முளைகட்டி வறுக்கிற கொட்டகையில் உட்கார்ந்து பேசுகிற ஜோசப் புவர்கிராஸ், ஜான் காகன் கூட்டம் அருமையான சிரிப்பு. ஆனால் சம்பளம் போதவில்லை என்று ஒருவன்கூட வாயைத் திறப்பதில்லை. படில்டவுனிலிருந்து சில மைலில் இருக்கிறது டால்படில். சங்கம் சேர்ந்து சத்தியம் செய்ததற்காக 1834-இல் ஆறு கூலிக்காரர்களை அங்கிருந்துதான் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள். நாவல் வருவதற்கு இரண்டு வருடம் முன்னால் விவசாயக் கூலிகளுக்குத் தேசிய அளவில் சங்கமும் வந்துவிட்டது. இதெல்லாம் ஹார்டிக்குத் தெரியாமல் இருந்திருக்காது. பத்திரிகை ஆசிரியர் லெஸ்லி ஸ்டீஃபன் வாசகர்கள் முகம் சுளிக்கக் கூடாது என்று கவலைப்பட்டவர். காதலனால் ஏமாற்றப்பட்ட வேலைக்காரப் பெண் ஃபேனி ராபின் விஷயத்தையே பதமாக எழுதச் சொன்னவர். ஃபேனியின் சவப்பெட்டிமேல் ‘ஃபேனி ராபினும் குழந்தையும்’ என்று சுண்ணக்கட்டியால் எழுதியிருக்க, ஓக் கைக்குட்டையால் பின்பாதியைத் துடைத்துவிடுகிறான். ஆவணத்தில் இரண்டு சொல்லை அழிப்பது என் வேலையில் பெரிய குற்றம். அந்த இடத்தில் மட்டும் அவனை மன்னித்தேன்.

என் தொழில் புத்தி வேறொரு இடத்திலும் தலைநீட்டியது. பாத்ஷீபா காதலித்துக் கட்டிக்கொண்ட சார்ஜென்ட் ட்ராய் கடலில் குளிக்கப் போய்க் காணாமல் போகிறான். உடல் கிடைக்கவில்லை. ஏழு வருடம் கழித்துத்தான் அவள் மறுமணம் செய்துகொள்ள முடியும் என்று போல்ட்வுட் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார். இதே ஏழு வருடம்தான் 1872-ஆம் வருட இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவில் இருந்தது. காணாமல் போனவரின் பாலிசிப் பணத்துக்காக அந்த ஏழு வருடத்தை எண்ணுகிற மனைவிமார் எத்தனை பேர் என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். ட்ராய் சாகவில்லை என்பது வேறு கதை.

ஆனால் முப்பத்தாறு, முப்பத்தேழாம் அத்தியாயங்களுக்கு வந்தபோது என் புகார்களை ஓரமாக வைக்க வேண்டியிருந்தது. அறுவடை முடிந்த விருந்து. ட்ராய் வேலையாட்கள் அத்தனை பேருக்கும் பிராந்தி ஊற்றி மயக்கிவிட்டான். ஓக் வீட்டுக்குப் போகிற வழியில் காலில் ஒரு தேரை இடறுகிறது. வீட்டுக்குள் ஒரு நத்தைப்பூச்சி ஊர்ந்து வந்திருக்கிறது. கூரையிலிருந்து சிலந்திகள் இறங்குகின்றன. ஆடுகளைப் போய்ப் பார்க்கிறான், எல்லாம் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு, மழை வரப்போகிற திசைக்கு வாலைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. “எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினா மழைன்னு சொல்லுவாங்க இல்ல,” என்றார் அப்பா. களத்தில் ஐந்து கோதுமைப் போர், மூன்று பார்லிப் போர், ஒன்றும் மூடவில்லை. ஓக் இருட்டில் நின்று மனதுக்குள் கணக்குப் போடுகிறான். கோதுமை ஐந்நூறு பவுண்டு, பார்லி இருநூற்றைம்பது, மொத்தம் 750 பவுண்டு. அந்தக் கணக்கு நாவலில் கூட்டல் கழித்தல் மாதிரியே அச்சடிக்கப்பட்டிருக்கிறது.

அவள் இன்னொருத்தன் மனைவி. மறுக்கப்பட்டவன் அவன். தனியாகப் போர்மேல் ஏறிக் கூரை வேய்கிறான். மின்னல் வெட்டுகிறது. ஒரு சங்கிலியைக் கம்பியில் மாட்டி, மறுமுனையைத் தரையில் கிடக்கவிட்டு இடிதாங்கி மாதிரி செய்துகொள்கிறான். அடுத்த மின்னலில் கீழே ஒரு உருவம்.

“அவ வந்தாளா?” என்று கேட்டது அம்மா. அவள் எப்போது வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள் என்று நான் கவனிக்கவில்லை. கையில் முருங்கைக்கீரை.

வந்தாள். கதிர்க்கட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறி ஏறிக் கொடுக்கிறாள். பேச்சு அதிகமில்லை. இடி பக்கத்து மரத்தை இரண்டாகப் பிளக்கிறது. அப்புறம் அவளாக, அன்றிரவு நான் பாத் நகரத்துக்குப் போனது கல்யாணம் செய்துகொள்ளத்தான் என்று நினைத்திருப்பாய் என்று ஆரம்பித்து, அங்கே நடந்த முட்டாள்தனத்தைச் சொல்கிறாள். வேறெந்த இடத்திலும் அவள் யாரிடமும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள். களைத்துவிட்டாய், போ என்று அவளை அனுப்பிவிட்டு அவன் விடிகிற வரை நனைந்துகொண்டே வேய்கிறான். எட்டு மாதம் முன்னால் இதே இடத்தில் நெருப்போடு சண்டை போட்டேன், இன்றைக்குத் தண்ணீரோடு, இரண்டும் இந்தப் பெண்ணுக்காக என்று நினைத்துக்கொள்கிறான்.

காலையில் வழியில் போல்ட்வுட்டைப் பார்க்கிறான். உங்கள் போர்களை மூடிவிட்டீர்களா என்று கேட்கிறான். இல்லை, மறந்துவிட்டேன் என்கிறார் அவர், ஏதோ குடையை மறந்த மாதிரி. நான் அடுத்த வரிக்குப் போகப் பார்த்தேன். அப்பா என்னை நிறுத்தினார்.

“முடிஞ்சுதும்மா அந்த ஆள் கதை. வெளைஞ்சதை நனைய விட்டுட்டுச் சும்மா நிக்கறான்னா அவன் இனி எதுக்கும் துணிஞ்சவன்.”

இன்னும் இருபது அத்தியாயம் இருந்தது. போல்ட்வுட் கிறிஸ்துமஸ் விருந்தில், திரும்பி வந்து நிற்கிற ட்ராயைத் துப்பாக்கியால் சுடுவதை நான் கைடில் படித்திருந்தேன், அப்பாவுக்குத் தெரியாது. பாத்திரப் படைப்பு என்று நாங்கள் மனப்பாடம் செய்த பக்கத்தில் போல்ட்வுட்டின் ஆழ்மனது, வெறி, அடக்கப்பட்ட உணர்ச்சி என்று என்னென்னவோ இருந்தது. நனைந்த பார்லியைப் பற்றி ஒரு வரி இல்லை.

கடைசியில் ஓக்கும் அவளும் சத்தமில்லாமல் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். அதற்கு முன் ஹார்டி ஒரு பத்தி எழுதுகிறார். ஒரே தொழிலில் சேர்ந்து உழைக்கிறவர்களுக்குள் வருகிற தோழமை ஆண்பெண் காதலோடு சேருவது அபூர்வம், ஏனென்றால் அவர்கள் வேலையில் சேர்வதில்லை, சந்தோஷத்தில் மட்டும் சேர்கிறார்கள் என்று. அதைத் தமிழில் சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். ராத்திரியில் கன்று ஈன முடியாமல் தவிக்கிற மாட்டுக்காக யாராவது வந்து கதவைத் தட்டினால், அப்பா சட்டை போடுவதற்குள் அம்மா மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்துக் கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கப் போட்டுவிடுவாள். சின்ன வயதில் தண்ணீர் கொதிக்கிற சத்தத்தில்தான் எனக்கு முழிப்பு வரும். இப்போது இருவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று.

“அதெல்லாம் சரி,” என்றாள் அம்மா கீரையை ஆய்ந்துகொண்டே. “இவ்வளவு வேலை பார்த்தானே, அவ சம்பளம் ஒழுங்கா குடுத்தாளா?”

பின்பக்கமாகப் புரட்டித் தேடினேன். அதுவும் இருந்தது. பாத்ஷீபாவிடம் விளைச்சல் கூடினாலும் குறைந்தாலும் மாறாத நிலையான சம்பளம். போல்ட்வுட்டின் பண்ணையையும் அவனே பார்த்ததால் அங்கே வரவில் ஒரு பங்கு. படித்துச் சொன்னேன்.

“பங்கு அந்த ஆள்தான் குடுத்தானா,” என்றாள் அம்மா. முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.